ஒரே துணி, இரண்டு பேண்ட்: ஏழு வருஷ பாலியஸ்டர் அனுபவம்

2018 தீபாவளிக்குத் தி.நகரில் இரண்டு பேண்ட் எடுத்தேன். ஒரே கருநீலம், ஒரே அளவு, லேபிளில் 100 சதவீதம் பாலியஸ்டர். ஒன்று இன்றும் ஆபீஸுக்கு வருகிறது. இன்னொன்று ஒட்டடை அடிக்கும் நாளில் மட்டும்தான் வெளியே வரும். துணியைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் பட்ட சூடுதான் வேறு.

முதலாவதை எப்போதும் வீட்டில்தான் தேய்த்தேன். பெட்டியில் இரண்டு புள்ளி, அதாவது சுமார் 150 டிகிரி. உள்பக்கம் திருப்பிப் போட்டு. முன்மடிப்பு இன்னும் கத்தி மாதிரி நிற்கிறது.

இரண்டாவதை ஒரு திங்கட்கிழமை அவசரத்தில் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்தேன். கரிப்பெட்டிக்கு ரெகுலேட்டர் ஏது? அதற்கு முன் காட்டன் வேட்டி தேய்த்த அதே சூடு என் பேண்டின் மேல் இறங்கியது. திரும்பி வந்தபோது தொடையில் மினுமினுப்பு, முன்மடிப்புக்கு அரை இஞ்ச் தள்ளி இன்னொரு மடிப்பு, கால் ஓரத் தையலில் லேசான சுருக்கம். அந்த ரெட்டைக் கோட்டை எடுக்க வினிகர், ஈரத்துணி எல்லாம் பார்த்தாயிற்று. அசையவில்லை.

ஏன் என்று தேடப்போய்தான் விஷயம் பிடிபட்டது. பாலியஸ்டரை உருக்கி, பொடித் துளைகள் வழியாக இழையாகப் பிழிகிறார்கள். அப்போது அதற்குப் பெரிய வலு கிடையாது. இழுத்தால் ஜவ்வு மிட்டாய் போல நீளும். லேசாகச் சூடாக்கி, மூன்று நான்கு மடங்கு நீளத்துக்கு இழுத்த பிறகுதான், தாறுமாறாகக் கிடந்த மூலக்கூறுச் சங்கிலிகள் இழையின் போக்கில் வரிசை கட்டுகின்றன. பல இடங்களில் படிகமாக இறுகுகின்றன. வலு அங்கிருந்து வருகிறது. ஆனால் இழுபட்ட சங்கிலிக்குப் பழையபடி சுருண்டுகொள்ளத்தான் ஆசை. காய்ந்த துணியில் 70, 80 டிகிரிக்குக் கீழே அது உறைந்து கிடக்கும், நனைந்திருந்தால் இந்த எல்லை இன்னும் கொஞ்சம் இறங்கும்; அதைத் தாண்டினால் அசையத் தொடங்கும். அதனால்தான் ஆலையிலேயே துணியை விறைப்பாகப் பிடித்து, 180 டிகிரிக்கு மேல் சூடு காட்டி, வடிவத்தை நிலைப்படுத்துகிறார்கள். அதைவிடக் குறைந்த சூட்டில் விழும் சுருக்கம் மேலோட்டமானது. அந்தச் சூட்டை எட்டிவிட்டால் புதிய வடிவம் பதிந்துவிடும். என் ரெட்டைக் கோடு அப்படிப் பதிந்ததுதான். உருகுவதற்குச் சுமார் 255 டிகிரி வேண்டும், ஆனால் இழையின் மேற்பரப்பு அதற்கு முன்பே இளகி அழுந்திவிடும், மினுமினுப்பு அதனால். தையல் நூலும் இழுத்துச் செய்த இழைதானே, அதுவும் சுருங்கியிருக்க வேண்டும்.

ஒருமுறை வாஷிங் மெஷினில் 60 டிகிரி வைத்து, சூடு ஆறும் முன்பே ஸ்பின் ஓடவிட்டேன். நல்ல பேண்ட் கசங்கிய காகிதம் போல வந்தது. பதறிவிட்டேன். சரி, இரண்டு புள்ளியில் தேய்த்ததும் முக்கால்வாசி போய்விட்டது. அதற்கப்புறம் பச்சைத் தண்ணீர்தான்.

மற்றபடி சென்னைக்கு இது சரிப்படுமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு இணை கிடையாது. காற்றில் இருக்கும் ஈரத்தில் தன் எடைக்கு அரை சதவீதம்கூட உறிஞ்சாது, பருத்தியோ ஏழெட்டு சதவீதம் பிடித்துக்கொள்ளும். ராத்திரி மின்விசிறிக்கு அடியில் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். மே மாதம் அதே குணம் எமனாகிறது. வேர்வை துணிக்குள் போகாமல் முழங்காலுக்குப் பின்னால் வழிகிறது; நெரிசலான பேருந்தில் வந்தால் நாற்றமும் ஒட்டிக்கொள்கிறது. சாயம் மட்டும் ஏழு வருஷத்தில் வெளுக்கவே இல்லை.

மற்ற துணிகளை இப்போதும் அதே வண்டியில்தான் கொடுக்கிறேன். "அண்ணே, இது பாலியஸ்டர்" என்று சொன்னால் போதும், பெட்டியைக் கொஞ்சம் ஆறவைத்து, ஈரத்துணி போட்டுத் தேய்த்துத் தருகிறார். அதற்கு ஐந்து ரூபாய் கூட.