அப்பாவின் சிவாஜி அல்பமும் ஒரு ஸ்ரூடியோவின் கைவேலையும்

திருகோணமலை நகரின் நடுவே, பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு சிறிய ஸ்ரூடியோவில் நான் செய்வித்த வேலையைப் பற்றியது இந்த மதிப்பீடு. அடையாள அட்டைப் படமும் திருமண அல்பமும் செய்கிற கடைதான் அது. சில ஆண்டுகளாகப் பழைய படங்களையும் கொப்பிகளையும் ஸ்கான் செய்து, பழுதுகளைத் திருத்தி, மீண்டும் நூலாகக் கட்டிக் கொடுக்கும் வேலையையும் ஏற்றுக்கொள்கிறார்கள். வேலையில் ஒரு பெரிய பிழை நடந்தது, அதை அவர்களே மனமுவந்து திருத்தியும் தந்தார்கள். அதனால் கடையின் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

நான் கொண்டு சென்றது, என் அப்பா 1959 முதல் 2001 வரை ஒட்டிச் சேர்த்த சிவாஜி கணேசன் அல்பம். துறைமுகத்தில் இலிகிதராகச் சேர்வதற்கு முன்பே, பத்தொன்பது வயதில், 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பார்த்துவிட்டு வந்த கிழமையில் அவர் அதைத் தொடங்கினாராம். 'பேசும் படம்' இதழிலிருந்து வெட்டிய கட்டபொம்மன் படமே முதற்பக்கத்தில் இருக்கிறது. எல்லாம் கோதுமை மாப் பசையால் ஒட்டியவை. ஆகவே இராமபாணப் பூச்சி பல ஓரங்களைத் தின்றுவிட்டது. 1990 இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது உடுப்புகளோடு றங்குப் பெட்டிக்குள் கிடந்து ஈரம் பட்டதில், நடுப்பக்கங்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருந்தன. இப்படி ஒன்றை எந்தக் கடைக்காரரிடம் நம்பிக் கொடுப்பது என்று இரண்டு ஆண்டுகள் யோசித்தபடி வைத்திருந்தேன்.

ஸ்கான் வேலையைப் பொறுத்தவரை எனக்குக் குறையே இல்லை. சஞ்சிகையில் அச்சான படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. அதைச் சாதாரணமாக ஸ்கான் செய்தால் முகத்தின் மேல் அலையலையாக ஒரு கோலம் விழுந்துவிடும். அந்தக் கோலம் விழாதபடி செய்யும் முறை இங்குள்ள தம்பிக்குத் தெரிந்திருந்தது. சிறிய வெட்டுத்துண்டுகளை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவிலும், பெரிய பக்கங்களை 300 என்ற அளவிலும் எடுத்தார். பிடித்துக்கொண்டிருந்த பக்கங்களை இழுத்துப் பிரிக்காமல், திறக்கக்கூடிய அளவுக்கு மட்டும் திறந்து, மேலிருந்து கமராவால் படம் பிடித்தார். ஒட்டியிருந்த ஒரு துண்டையேனும் அவர் பெயர்க்கவில்லை என்பதை வீட்டில் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தேன். ஓரங்களில் அப்பா பேனாவால் எழுதிய தேதிகளையும் வெட்டிவிடாமல் சேர்த்திருந்தார்.

அல்பத்தின் ஒழுங்கு கால ஒழுங்கு அல்ல. கையில் கிடைத்த வரிசையில் அப்பா ஒட்டியிருக்கிறார். ஆகையால் 1959 இல் தொடங்கும் அல்பம் ஒன்பதாம் பக்கத்தில் 1952 க்குத் திரும்பிப் போகிறது. அந்தப் பக்கத்தில் 'பராசக்தி' நாயகன் மெலிந்த தோற்றத்தோடு நிற்கிறார். அதே ஆண்டில்தான் அவருக்கும் கமலா அம்மையாருக்கும் திருமணம் நடந்தது என்பதை அப்பா அடியில் குறித்து வைத்திருக்கிறார். வேறு நடிகரைப் போடலாம் என்று ஏவி.எம். தரப்பில் எண்ணியபோதும், கணேசனே நடிக்க வேண்டும் என்று உறுதியாக நின்றவர் தயாரிப்பாளர் பி. ஏ. பெருமாள். அந்த நன்றியைச் சிவாஜி ஒரு நாளும் மறக்கவில்லை; ஆண்டுதோறும் பொங்கலுக்கு வேலூரில் பெருமாள் வீட்டுக்குச் சென்று சீர் கொடுத்து வணங்குவதை வழக்கமாக வைத்திருந்தார். அப்பா எங்களுக்குச் சிவாஜியின் நடிப்பைப் பற்றிச் சொன்னதை விட இந்தப் பொங்கல் பயணத்தைப் பற்றியே கூடுதலாகச் சொல்லியிருக்கிறார். கால வரிசைப்படி மாற்றித் தரலாமா என்று கடையில் கேட்டார்கள். நான் மறுத்தேன். அவர்கள் அதற்கு இணங்கி, ஆண்டு வரிசையில் ஓர் அட்டவணையை மட்டும் நூலின் கடைசியில் சேர்த்துத் தந்தார்கள். அது நல்ல யோசனை.

பிழை நடந்தது படங்களைத் திருத்துவதில். கறை விழுந்த 18 படங்களைத் தனியாகத் திருத்தக் கொடுத்திருந்தேன். முதற்பிரதியை வீட்டு மேசையில் விரித்தபோது அம்மாவே அதைக் கண்டார். 61 ஆம் பக்கத்தில் விரலை வைத்து, "இதென்ன பிள்ளை, இவரின்ர முகத்தில காயத்தைக் காணேல்லை?" என்று கேட்டார்.

அது 'தெய்வமகன்' படம். 1969 இல் ஏ. சி. திருலோகசந்தர் இயக்கத்தில் சிவாஜி மூன்று வேடங்களில் நடித்தது. தந்தைக்கும் மூத்த மகனுக்கும் ஒரே மாதிரியான கோரத் தழும்பு கன்னத்தில் இருக்கும். இளைய மகனின் முகத்தில் ஒரு குறையும் இராது. தன் முகத்தால் தான் பட்ட இழிவைப் பிறந்த குழந்தையும் படக்கூடாது என்று எண்ணி, அதைக் கொன்றுவிடும்படி தந்தை வைத்தியரிடம் சொல்லும் இடத்தில்தான் கதையே பிறக்கிறது. அயல்மொழிப் படங்களுக்கான ஒஸ்கார் போட்டிக்கு இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப் படமும் அதுதான். முகத்தைத் திருத்தும் மென்பொருள், தழும்பையும் ஈரக்கறையையும் ஒன்றாகவே எண்ணி, இரண்டையும் துடைத்து வழவழப்பாக்கிவிட்டிருந்தது. ஆக, மூன்று வேடமும் ஒரே ஆளாகிப் போயின.

அதன் பிறகு ஒவ்வொரு படமாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாதஸ்வரத்தை உயர்த்திப் பிடித்திருக்கும் சிக்கல் சண்முகசுந்தரத்தின் கழுத்து நரம்புகள் மறைந்திருந்தன. அந்தப் படத்தில் நாதஸ்வரத்தை வாசித்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்; சிவாஜி செய்ததெல்லாம் மூச்சை அடக்கி, கன்னத்தை உப்பி, அவர்களுடைய பிருகாவுக்கு ஏற்பக் கழுத்தையும் புருவத்தையும் அசைத்ததுதான். ஆனால் பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனால், அப்பா சாமியைக் கும்பிட்ட கையோடு மேளக்காரருக்கு அருகில் போய் நின்று வித்துவானின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "சரியா இப்பிடித்தான் புடைக்கும், பார்" என்று என் தோளைத் தட்டிக் காட்டுவார். அந்த நரம்பு இல்லாத படம் எனக்கு வேண்டியதில்லை.

'திருவருட்செல்வர்' படத்து அப்பரும் அப்படியே ஆகியிருந்தார். 1967 இல், நாற்பது வயதை எட்டாத ஒருவர், காஞ்சிப் பெரியவரின் தோற்றத்தையும் நடையையும் மனத்தில் வைத்து உருவாக்கிய முதிய முகம் அது. எங்கள் கோணேசரைப் பாடியவர் சம்பந்தர் என்பதால் இந்த ஊரில் அவருக்கே பெரிய இடம்; ஆனால் எங்கள் வீட்டில் அப்பர் என்றால் இந்த முகம்தான். மென்பொருள் அந்தச் சுருக்கங்களை எல்லாம் நீக்கி, வெண்தாடி ஒட்டிய ஓர் இளைஞரை வைத்திருந்தது. 'முதல் மரியாதை' படத்துக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 1985 இல் பாரதிராஜா அவரைப் பொய்முடி இல்லாமல், ஒப்பனையும் பெரிதாக இல்லாமல் கமராவின் முன் நிறுத்தினார். கண்ணுக்குக் கீழே தொங்கும் சதையும் நெற்றிக் கோடுகளும்தான் அந்தப் பெரியவரின் தனிமையைச் சொல்கின்றன. சிவாஜி மிகையாக நடிப்பார் என்று சொல்பவர்களுக்கு அப்பா இந்த ஒரு படத்தைத்தான் பதிலாகக் காட்டுவார். கடையிலிருந்து வந்த பிரதியில் அந்தக் கோடுகள் ஒன்றும் இல்லை.

மறுநாளே கொண்டுபோய்க் காட்டினேன். தம்பி முகம் வாடிப் போனார். "வடிவா வரட்டும் எண்டுதான் செய்தனான், ரீச்சர். நான் அந்தப் படங்கள் பாக்கேல்லை" என்றார். அவருடைய வயதுக்கு அது குற்றமும் அல்ல. ஆனால் அவர் அன்றிரவே 'தெய்வமகன்' படத்தை முழுவதும் பார்த்திருக்கிறார். அடுத்த நாள் தொலைபேசியில் அழைத்து, மற்றப் படங்களில் எது ஒப்பனை, எது கறை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பத்து நாட்களில் 18 படங்களையும் மென்பொருளின் தானியங்கித் திருத்தம் இல்லாமல், கையாலேயே மீண்டும் செய்து தந்தார். கறை மட்டும் போயிருந்தது. தழும்பு, நரம்பு, சுருக்கம் எல்லாம் திரும்பி வந்திருந்தன. மேலதிகமாக ஒரு ரூபாவும் வாங்கவில்லை. இந்த மதிப்பீட்டை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த இரண்டாவது பிரதியைப் பார்த்த பிறகுதான்.

அட்டவணையிலும் ஓர் இடத்தில் தவறு இருந்தது. பிரெஞ்சு அரசின் செவாலியே விருதையும் தாதாசாகிப் பால்கே விருதையும் இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள். செவாலியே வந்தது 1995 இல். பால்கே விருது 1996 ஆம் ஆண்டுக்கானது. இதைக் கறாராகத் திருத்தச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கெய்ரோவில் நடந்த ஆசிய ஆபிரிக்கத் திரைப்பட விழாவில் 1960 இலேயே சிறந்த நடிகராகத் தெரிவானவருக்கு, இந்தியாவின் தேசிய விருதுகளில் சிறந்த நடிகர் விருது கடைசி வரை கிடைக்கவில்லை. அந்த ஆதங்கத்தை அப்பா ஒரு பக்கத்தின் ஓரத்தில் எழுதியும் வைத்திருக்கிறார். பத்மஸ்ரீ 1966, பத்மபூஷண் 1984 என்று அவர் வரிசையாகக் குறித்த ஆண்டுகள் அட்டவணையிலும் பிழையின்றி இருக்க வேண்டும் அல்லவா?

கிழிந்து கிடந்த ஒரு பத்திரிகைத் துண்டை விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். அது 1989 தேர்தல் செய்தி. காங்கிரசிலிருந்து விலகி 1988 இல் தமிழக முன்னேற்ற முன்னணி என்ற கட்சியைத் தொடங்கிய சிவாஜி, திருவையாறு தொகுதியில் தோற்றுப் போனார். வெற்றிகளையே ஒட்டி வந்த அப்பா, அந்தத் தோல்வியையும் அதே பசையால் அதே கவனத்தோடு ஒட்டியிருக்கிறார். அடுத்த பக்கத்தில் சென்னை தியாகராய நகரில் உள்ள சிவாஜியின் வீடு, 'அன்னை இல்லம்'. அவருடைய தம்பி சண்முகம் கணக்கு வழக்குகளைக் கவனிக்க, சாந்தி, ராம்குமார், பிரபு, தேன்மொழி என்ற நான்கு பிள்ளைகளும் வளர்ந்த கூட்டுக் குடும்ப வீடு. அந்தத் துண்டு இல்லாமல் இந்தப் பக்கத்துக்கு உரிய கனம் வராது என்று சொன்னேன். சேர்த்தார்கள்.

இன்னொன்றையும் பாராட்டிச் சொல்ல வேண்டும். 1970 களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி இங்கே கட்டுப்படுத்தப்பட்டதால், அப்பாவுக்குப் படம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே அவர் 'ஞான ஒளி', 'பட்டிக்காடா பட்டணமா', 'வசந்த மாளிகை' என்று 1972 ஆம் ஆண்டுப் படங்களின் பெயர்களை மட்டும் எழுதி, ஒட்டுவதற்கு என்று பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருக்கிறார். கட்டங்கள் நிரம்பவே இல்லை. இணையத்தில் எடுத்து அவற்றை நிரப்பித் தருவது கடைக்கு எளிது, செய்யவில்லை. அந்த ஐந்து வெற்றுப் பக்கங்களையும் அப்படியே நூலில் சேர்த்து, அவற்றுக்குக் கட்டணமும் எடுக்காமல் விட்டார்கள். வெட்டுத்துண்டுகள் மீண்டும் தொடங்குவது 1978 இல், 'பைலட் பிரேம்நாத்' செய்தியோடு. இலங்கையில் படமாக்கப்பட்டு, எங்கள் மாலினி பொன்சேகா சிவாஜிக்கு இணையாக நடித்த கூட்டுத் தயாரிப்பு என்பதால் நம் நாட்டுப் பத்திரிகைகளே படம் போட்டிருந்தன. 'தெய்வமகன்' இயக்குநரே அதையும் இயக்கினார்.

கட்டணம்: பக்கத்துக்கு 60 ரூபா வீதம் 107 பக்கங்களுக்கு 6,420 ரூபா, படத் திருத்தம் ஒன்றுக்கு 250 வீதம் 4,500 ரூபா, தடித்த அட்டையோடு அச்சிட்டுக் கட்டியதற்கு 7,500 ரூபா. ஆக மொத்தம் 18,420 ரூபா. பென்டிரைவில் எல்லாப் படங்களையும் தனித்தனியாகத் தந்தார்கள். நூற்கட்டு உறுதியாக இருக்கிறது. தாள் மட்டும் சற்றே மினுமினுப்பு, விளக்கடியில் வைத்துப் பார்த்தால் கூசுகிறது. மினுக்கம் இல்லாத தாள் கேட்டால் போடுவார்களாம், நான் கேட்கத் தவறிவிட்டேன். மூன்று கிழமையில் முடியும் என்று சொன்ன வேலை, திருத்தத்தோடு சேர்த்து ஆறு கிழமை எடுத்தது.

கொடுக்கப் போகிறவர்கள் தங்கள் படங்களில் எது கறை, எது முகத்துக்கு உரியது என்பதை ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள். அப்பாவின் இரண்டாவது கொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. 2001 யூலை 21 இல் சிவாஜி காலமானதற்குப் பின் வந்த பத்திரிகைப் பக்கங்கள் அதில் மடித்தபடியே உள்ளன, ஒட்டப்படவில்லை. அடுத்த மாதம் அதையும் இதே கடைக்குத்தான் கொண்டு போகிறேன். மடிப்புக் கோடுகளை எடுக்க வேண்டாம் என்று தாளில் எழுதிவிட்டேன்.