மண் பாக்டீரியாவுக்குப் பெயர் தேடி எட்டு வருடம்

வேர்மண்ணிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து இன்னதென்று சொல்வதுதான் எட்டு வருடமாக என் வேலை. ஒரு கிராம் மண்ணை உப்புநீரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, பாக்டீரியா வளர்க்கும் கூழ் நிரப்பிய அகார் தட்டில் பூசுவேன். கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாக் கூட்டம்தான் காலனி; 30 முதல் 300 காலனிக்குள் வந்த தட்டுதான் எண்ணிக்கைக்கு. மண்ணில் இருப்பதில் தட்டில் முளைப்பது நூற்றில் ஒன்றுதான் என்பார்கள். ஆனால் சத்து குறைந்த ஆர்2ஏ அகாரில் ஒரு வாரம் விட்டு வைத்தால், முதலில் கண்ணில் படாத குண்டூசி முனைக் காலனிகளும் எட்டிப் பார்க்கும். ஆரம்பத்தில் மறுநாளே எண்ணிவிட்டுத் தட்டை வீசிக்கொண்டிருந்தேன். எத்தனை போச்சோ!

பாக்டீரியாவை ஊதா (கிராம் பாசிட்டிவ்), இளஞ்சிவப்பு (கிராம் நெகட்டிவ்) என்று இரண்டாகப் பிரிக்கும் கிராம் சாயத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டேன். கிராம் பாசிட்டிவான பேசில்லஸ் பாக்டீரியாவின் கல்ச்சர் (வளர்ப்பு) பழசானால் ஊதாவுக்குப் பதில் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஸ்லைடில் 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, காலனியைக் குழைத்து லூப் கம்பியை மெல்லத் தூக்குவேன். பிசின் மாதிரி நூலாக வந்தால் பெரும்பாலும் கிராம் நெகட்டிவ். சாயத்தோடு இதுவும் ஒத்துப்போனால் நிம்மதி.

அப்புறம் 16எஸ் மரபணு, சுமார் 1500 எழுத்து. எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் இதைப் படித்துத்தான் பெயர் தேடுவேன். தனிக் காலனியின் டிஎன்ஏ அவ்வளவாகப் படுத்தாது. மண்ணிலிருந்து நேரடியாக எடுத்தால்தான் தலைவலி. டிஎன்ஏ டீத்தண்ணி நிறத்தில் வந்தால் மண்ணின் மக்கில் உள்ள ஹியூமிக் அமிலமும் கூடவே வந்திருக்கிறது என்று அர்த்தம், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் படுத்துவிடும். பத்து மடங்கு நீர்த்துப் போட்டால் பல தடவை பேண்ட் (நகல் கிடைத்ததைக் காட்டும் ஜெல் கோடு) வந்துவிடுகிறது. ஒருமுறை டிஎன்ஏவே போடாத குழாயிலும் பேண்ட் பளிச்சென்று வந்தது. நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரைக் கரைத்த தண்ணீர்தான் குற்றவாளி. பிடிக்க ஒரு வாரம் ஆனது.

பெயர் விஷயத்திலும் சூடுபட்டிருக்கிறேன். மரபணு வரிசையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் பிளாஸ்டில் 99.9 சதவீதம் பேசில்லஸ் சீரியஸ் என்று வர, அறிக்கையில் அப்படியே எழுதிவிட்டேன். பேசில்லஸ் இனங்களான சீரியஸ், துரிஞ்சியென்சிஸ், ஆந்த்ராசிஸ் மூன்றுக்கும் இந்த மரபணு ஏறக்குறைய ஒன்றேதான். சந்தேகம் தட்டி, ஃப்ரிட்ஜில் கிடந்த தட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். பாக்டீரியாவின் வித்துக்கு (ஸ்போர்) பக்கத்தில் வைர வடிவில் ஒரு படிகம். பூச்சியைக் கொல்லும் புரதம் அது, ஆள் துரிஞ்சியென்சிஸ்!

இப்போது 16எஸ் மட்டும் கையில் இருந்தால் ‘பேசில்லஸ் சீரியஸ் குழு’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அறிக்கை போகும்வரை தட்டுகள் ஃப்ரிட்ஜை விட்டு நகராது, இடமில்லை என்று யார் திட்டினாலும் சரி.