முட்டைக்கோழிக்குச் சுண்ணாம்புத் தூளா, கிளிஞ்சலா?

ஒரு முட்டையின் ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் போய்விடுகிறது. அதைச் சுண்ணாம்புக்கல் தூளாகத் தீவனத்தில் கலப்பதா, உடைத்த கிளிஞ்சலாகப் போடுவதா? இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளிஞ்சலுக்கு வந்தவன் நான்.

தூள் மலிவு, சீராகக் கலக்கும், கோழியால் ஒதுக்க முடியாது. சத்திலும் குறைவில்லை. இரண்டுமே கால்சியம் கார்பனேட்தான். நல்ல சரக்கென்றால் 38 சதவீதம் வரை கால்சியம் இருக்கும்.

வித்தியாசமெல்லாம் ராத்திரியில்தான். ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம் பிடிக்கிறது. அதில் பெரும்பங்கு, கோழி இரை எடுக்காத இருட்டு நேரம். சாயங்காலம் தின்ற தூள் சீக்கிரம் கரைந்து குடலைக் கடந்துவிடும். மிச்சத்துக்குக் கோழி தன் எலும்பைக் கரைக்கிறது. முட்டைக்கு வந்த பெட்டையின் கால் எலும்புக்குள் இதற்கென்றே ஒரு மெல்லிய உள்ளெலும்பு வளரும். அது வெறும் கையிருப்பு, பாரம் தாங்க அவ்வளவாக உதவாது. கையிருப்பு போதாத இரவுகளில் வெளிப்புறக் கெட்டி எலும்பும் சேர்ந்து கரைகிறது. முட்டையிடும் காலம் முழுக்க அந்தக் கெட்டி எலும்பு புதிதாகக் கட்டப்படுவதில்லை என்பதுதான் வினை. ஓடு நன்றாகவே இருக்கும். எலும்பு மட்டும் உள்ளுக்குள் மெலிந்துகொண்டே போகும். கடைசியில் கறிக்குப் பிடிக்கும்போது இறக்கை படக்கென்று முறியும்.

2 முதல் 4 மில்லிமீட்டர் கிளிஞ்சல் துண்டு அரைவைப்பையில் தங்கி, இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இரண்டு தம்ளரில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். தூள் புஸ்ஸென்று பொங்கி அடங்கிவிடும். கிளிஞ்சல் துண்டோ சின்னச் சின்னக் குமிழி விட்டபடி கிடக்கும். சுண்ணாம்புக்கல்லே இந்தப் பருமனில் கிடைத்தால் அதுவும் சரிதான்.

நான் தனிக் கிண்ணத்தில் பிற்பகலில் வைக்கிறேன். உப்பும் மணலும் ஒட்டிய சரக்கு வரும், அலசிவிட வேண்டும். பாஸ்பரசும் வைட்டமின் டி3-யும் இல்லாவிட்டால் எதைப் போட்டும் பயனில்லை, அது தனிக் கதை.

என்னுடையது தரையில் மேயும் சிறு கூட்டம். கூண்டுக்கோழிக்கு நடமாட்டம் இல்லாததே எலும்பை மெலியவைக்கும். பெரிய பண்ணைகளில் தூளையும் துண்டையும் கலந்தே கொடுப்பார்கள். அந்த விகிதக் கணக்கில் எனக்கு அனுபவம் கிடையாது.

அப்புறம், குஞ்சுக்கும் வளரும் பெட்டைக்கும் இந்த அளவு கால்சியம் கூடாது, சிறுநீரகம் கெடும். முட்டைக்கு வர இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கினால் போதும்.