1562 சங்கீதப் பாட்டுப் புத்தகம், ஸ்கேன் மறுபதிப்பு: பாட்டுக்கு ஐந்து நட்சத்திரம், அச்சுக்கு ஒன்று

போன மாதம் ஆன்லைனில் 1,180 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இங்கிலாந்தில் தாமஸ் ஸ்டெர்ன்ஹோல்டு, ஜான் ஹாப்கின்ஸ், இன்னும் சிலர் சேர்ந்து பைபிளில் உள்ள 150 சங்கீதங்களையும் சபையார் எல்லோரும் பாடுகிற மாதிரி பாட்டாகக் கட்ட, ஜான் டே என்கிற அச்சுக்காரர் 1562இல் முழுப் புத்தகமாகப் போட்டாரே, அதுதான் இது. பழைய பிரதியை ஸ்கேன் எடுத்து, ஆர்டர் வந்தால் மட்டும் அச்சடித்து அனுப்பும் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன, அதில் ஒன்று, பெயர் வேண்டாம். மார்த்தாண்டத்துக்குப் பார்சல் வந்த அன்று நல்ல மழை. கூரியர் பையன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான், அவனைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை.

குறையெல்லாம் உள்ளேதான். எழுத்து முழுக்க அந்தக் காலத்துக் கொழுத்த கோதிக் எழுத்து, அதில் ‘எஸ்’ எது ‘எஃப்’ எது என்று பிடிபடவே இரண்டு நாள் ஆகும். அது புத்தகத்தின் குற்றமில்லை, 16ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் அச்சடித்தார்கள். ஆனால் ஸ்கேன் எடுத்தவர் பக்கத்தைச் சரியாக விரிக்காமல் எடுத்ததும், ஒரு பக்கத்தில் அவருடைய கட்டைவிரலே விழுந்திருப்பதும், 119ஆம் சங்கீதத்தின் நடுவில் நாலு பக்கம் காணாமல் போனதும் யார் குற்றம்? கேட்டு மெயில் போட்டால், ‘அசல் பிரதி அப்படித்தான் உள்ளது’ என்று ஒரே வரியில் பதில். கட்டைவிரலுமா அசலில் இருந்தது?

போதாததற்கு இசைக்குறிப்பின் ஓரம் ஒவ்வொரு பக்கத்திலும் நடு மடிப்புக்குள் போய்விட்டது. நாகர்கோவில் மணிமேடை பக்கம் ஒரு பைண்டிங் கடைக்குக் கொண்டுபோய்த் தைத்துத் தரக் கேட்டேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, “தைச்சா இன்னும் உள்ள போகும் அண்ணாச்சி, பசையைப் பிரிச்சு ஃபைல்ல போட்டுருங்க” என்றார். முதுகைப் பிரித்ததும் முக்கால் அங்குலம் வெளியே வந்தது, அதில்தான் ஒவ்வொரு வரியின் முதல் அல்லது கடைசிச் சுரம் இருந்தது. யாராவது வாங்கினால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள், எனக்கு 60 ரூபாய்தான் ஆனது.

சரி, பாட்டுக்கு வருவோம். ஸ்டெர்ன்ஹோல்டு பாதிரியார் இல்லை, எட்டாம் ஹென்றி அரண்மனையில் ராஜாவின் உடைகளைப் பார்த்துக்கொண்டவர். 1549இல் அவர் இறக்கும்போது நாற்பதுக்கும் குறைவான சங்கீதங்கள்தான் முடிந்திருந்தன, மிச்சத்தை ஹாப்கின்ஸும் மற்றவர்களும் முடித்தார்கள். அவர் பிடித்த வழி ரொம்பச் சுலபமானது. முதல் வரிக்கு எட்டு அசை, அடுத்ததற்கு ஆறு, மறுபடி எட்டு, ஆறு. நம் பாடகர் குழுக்காரர்கள் டியூன் புத்தகத்தில் ‘சி.எம்.’ (காமன் மீட்டர்) என்று பார்த்திருப்பீர்களே, அதேதான். இந்த ஒரே அளவில் பெரும்பாலான சங்கீதங்களைக் கட்டிவிட்டதால், ஒரு டியூன் தெரிந்தவனுக்கு ஐம்பது பாட்டு தெரிந்த மாதிரி. புத்தகத்திலும் 150க்கும் தனித்தனி டியூன் கிடையாது, பாதிக்கும் குறைவானவற்றுக்குத்தான் இசைக்குறிப்பு, மற்றதன் தலையில் ‘இதை இன்ன சங்கீதம் மாதிரிப் பாடவும்’ என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்புறம்தான் இந்தப் புத்தகத்தின் உயிரே அதில் இருக்கிறது என்று உறைத்தது. நம் கீர்த்தனை ஒன்றின் சரணத்தை எடுத்து இன்னொன்றின் ராகத்தில் பாடிப் பாருங்கள், பல்லவிக்குத் திரும்புவதற்குள் வண்டி கவிழ்ந்துவிடும்.

சனிக்கிழமைப் பயிற்சிக்கு ஃபைலைக் கொண்டுபோனேன். எங்கள் குழுத் தலைவர் ரிட்டயர்டு வாத்தியார், டோ ரே மீ எழுத்துக்குறிப்பில் படித்து வளர்ந்தவர். புத்தகத்தில் ஒவ்வொரு சுரத்தின் பக்கத்திலும் அதன் பெயரின் முதல் எழுத்து இருந்தது. (அட்டையில் 1562 என்று போட்டிருந்தாலும் இது அந்த வருஷத்துப் பதிப்பு இல்லை. ஜான் டே இந்த எழுத்துகளைச் சேர்த்தது 1560களின் கடைசியில்தான், பாடப் பழகுகிறவர்களுக்கு உதவியாக. கம்பெனிக்காரர்களுக்கு இது தெரிந்த மாதிரி இல்லை, எனக்கு லாபம்.) சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “எஃப் இருக்கு, எஸ் இருக்கு, எல் இருக்கு, இந்த ‘வி’ என்ன மக்களே?” என்றார். கொஞ்ச நேரம் விரலால் கோட்டை எண்ணினார். “ஓ, இதுதான் டோ!” அந்தக் காலத்தில் டோவுக்கு ‘உட்’ என்று பெயர், ‘யு’வை ‘வி’யாக அச்சடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஆறே சுரப் பெயர்தான், ‘டீ’ கிடையாது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் சார் ஆர்மோனியத்தைக்கூடத் தொடாமல் பாடியே காட்டிவிட்டார்.

அப்புறம் 23ஆம் சங்கீதம். இங்கே ஓர் எச்சரிக்கை, கல்யாணத்திலும் அடக்கத்திலும் பாடுகிற ‘த லார்ட்ஸ் மை ஷெப்பர்ட்’ இதில் கிடையாது. அது 1650இல் வந்த ஸ்காட்லாந்து புத்தகத்தின் பாட்டு. இதில் ஸ்டெர்ன்ஹோல்டு எழுதியது ‘மை ஷெப்பர்ட் இஸ் த லிவிங் லார்ட், நத்திங் தேர்ஃபோர் ஐ நீட்’. எட்டு, ஆறு. நமக்குத் தெரிந்த கிரிமண்ட் டியூனில் அப்படியே உட்கார்ந்தது, ‘அமேசிங் கிரேஸ்’ டியூனிலும் உட்கார்ந்தது, ஆல்ட்டோ பாடுகிற அக்காமார் சிரித்தபடியே மூன்றாவதாக ஒன்றில் பாடினார்கள், அதிலும் பிசிறில்லை. ‘நத்திங் தேர்ஃபோர் ஐ நீட்’ என்று எதுகைக்காகச் சொல்லைப் புரட்டிப் போடுகிறார்கள் என்று இங்கிலீஷ்காரர்கள் இந்தப் புத்தகத்தைக் காலங்காலமாகக் கிண்டல் செய்கிறார்கள். ‘குறை எனக்கில்லை ஆதலால்’ மாதிரி வரிகளைப் பாடிப் பழகிய நமக்கு அதில் என்ன குறை?

100ஆம் சங்கீதம் வில்லியம் கீத் எழுதியது, ‘ஆல் பீப்பிள் தட் ஆன் எர்த் டூ ட்வெல்’. அந்த டியூன் 1551இல் ஜெனீவாவில் 134ஆம் சங்கீதத்துக்குப் போட்டது, இன்று உலகம் முழுக்க ‘ஓல்டு ஹண்ட்ரட்’. ஆனால் வரியைப் பார்த்ததும் சார் நிறுத்திவிட்டார். நம் வேதாகமத்தில் ‘மகிழ்ச்சியோடே கர்த்தருக்கு ஆராதனைசெய்து’ என்றிருக்கும் இடத்தில் இதில் ‘பயத்தோடே’ என்றிருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள்தான் பிறகு அதை மகிழ்ச்சியாக மாற்றினார்கள். பயம் இரண்டாம் சங்கீதத்தில் இருக்கிறது, இங்கே எப்படி வந்தது என்று எங்களுக்குள் அரை மணி நேரம் வாக்குவாதம். புராட்டஸ்டண்டுகளைத் துன்புறுத்திய மேரி ராணி காலத்தில் ஊரைவிட்டு ஓடிப்போனவர்களோடு ஜெனீவாவில் இருந்த மனுஷனுக்குப் பயம்தான் முதலில் வந்திருக்கும் என்றார் டெனர் பாடும் அண்ணன்.

1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபோது இந்தப் புத்தகத்துக்கு 240 வயது தாண்டிவிட்டது, இங்கிலாந்திலேயே புதிய சங்கீதப் பாட்டுப் புத்தகங்களும் ஐசக் வாட்ஸ் என்கிற பாடலாசிரியரின் பாட்டுகளும் வந்து பல இடங்களில் இதைத் தள்ளிவிட்டிருந்தன. அதனால் நம் பக்கத்தில் பழைய சபை அலமாரிகளில் தேடினாலும் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன்.

வாங்கலாமா என்றால், இந்தப் பதிப்பை வேண்டாம். இதே புத்தகத்தின் பழைய பதிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, இறக்கி, வேண்டிய இருபது முப்பது பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி எடுத்தால் 200 ரூபாய்க்குள் முடியும், ஓரமும் தெரியும். நான் இதைத் திருப்பி அனுப்பலாம் என்றிருந்தேன். பசையைப் பிரித்த புத்தகத்தை எடுக்க மாட்டார்களாம். அது போக, ஃபைல் இப்போது சார் வீட்டில் இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை 18ஆம் சங்கீதம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.