இரண்டு நெட்வேர்க் ஸ்விட்ச் போட்டும் கடை படுத்தது: 185,000 ரூபாய் போன கதை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சேர்வர் (மெயின் கொம்பியூட்டர்) வைத்து பில் போடுகிற கடைக்காரர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். 185,000 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். பெயர் எழுதவில்லை. டவுனில் கமரா, பிரிண்டர், நெட்வேர்க் எல்லாம் செய்வோம் என்று போர்ட் மாட்டிய கடை.

எனக்குக் களுவாஞ்சிக்குடியில் ஹாட்வெயார் வியாபாரம். நான்கு கவுண்டரும் ஒரே சேர்வரில்தான் ஓடுது. மாரி தொடங்கினால் இடி மின்னலுக்கு ஏதாவது எரியும். அதனால், சேர்வரையும் கவுண்டர்களையும் வயரால் இணைக்கிற பெட்டி, அதாவது ஸ்விட்ச், இரண்டு வேணும், ஒன்று போனாலும் மற்றதில் வேலை நடக்க வேணும் என்று தெளிவாகச் சொல்லித்தான் அந்தக் கடைக்கு வேலையைக் கொடுத்தேன்.

ஆவணிக் கடைசியில் வந்து பூட்டினார்கள். முடிந்ததும் பூட்ட வந்த தம்பி, "அண்ணன், இப்ப பாருங்க" என்று கறுப்புத் திரையில் பிங் ஓடவிட்டார், சேர்வர் பதில் சொல்லுதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறது அது. சேர்வருக்குப் பின்னால் இருந்த இரண்டு நீல வயரில் ஒன்றை இழுத்தார். ஒரு வரி தடங்கி, பிறகு ஓடியது. அதைப் பூட்டிவிட்டு மற்றதை இழுத்தார், அப்பவும் ஓடியது. "ஒரு ஸ்விட்ச் செத்தாலும் உங்கட கடை நிக்காது." மேலும் கீழுமாக இரண்டு பெட்டியிலும் பச்சை லைட். நம்பாமல் என்ன செய்வது? தேத்தண்ணி கொடுத்து, முழுக் காசோடு பெற்றோலுக்கும் கொடுத்து அனுப்பினேன்.

போன சனிக்கிழமை ஒரு இடி. மேல் ஸ்விட்ச் செத்தது, அதோடு நான்கு கவுண்டரும் செத்தது. கீழ் ஸ்விட்ச் மட்டும் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி மின்னிக்கொண்டு நின்றது. வாசலில் சீமெந்து லொறி, உள்ளே சனம், நாங்கள் கையால் பில்.

கோல் எடுத்தால் முதலில் "கரண்ட் பிரச்சினை அண்ணன்". அப்புறம் "தம்பி கொழும்புக்குப் போயிட்டார்". அப்புறம் "மின்னலுக்கு வாரண்டி இல்லை". நான் கேட்டது எரிந்த ஸ்விட்சைப் பற்றியே இல்லை, எரியாத ஸ்விட்ச் ஏன் வேலை செய்யவில்லை என்றுதான்! இப்போது வட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுது.

வந்தாறுமூலை கெம்பசில் படிக்கிற என் மருமகன் வந்து வயரைப் பிடித்துக்கொண்டே போனான். "மாமா, ரெண்டும் ஒரே பெட்டிக்குத்தான் போகுது." சேர்வரின் இரண்டு வயரும் மேல் ஸ்விட்சில் பக்கத்துப் பக்கத்து ஓட்டையில். கீழ் ஸ்விட்ச் மேலதில் இருந்து ஒரு வயரில் தொங்குது. மேலது போனால், கீழ் ஸ்விட்சில் பூட்டின பாதிக் கவுண்டர்களுக்கும் சேர்வரே இல்லை. அந்தத் தம்பி காட்டியது வயர் அறுந்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும்.

பில்லில் "எல்ஏசிபி" என்றும் எழுதியிருந்தது. சேர்வரிலும் ஸ்விட்சிலும் செட்டிங் போட்டு இரண்டு வயரையும் ஒன்றாகச் சேர்த்து ஓடவிடுகிற முறை அது. அதற்கு இரண்டு வயரும் ஒரே ஸ்விட்சில் முடிய வேணும், அல்லது இரண்டு ஸ்விட்சும் ஒன்றுபோல் இயங்குகிற விலை கூடின ரகமாக இருக்க வேணும். விற்றதோ செட்டிங் பக்கமே இல்லாத சாதாரண பெட்டி. சேர்வருக்குள் பார்த்தால் ஒன்று ஓட மற்றது காத்திருக்கிற சாதாரண முறைதான் போட்டிருக்கு. அந்த முறைக்குச் சாதாரண பெட்டியே போதும், ஒரு வயரைக் கீழ் ஸ்விட்சுக்கு மாற்றியிருந்தால் அந்தப் பாதிக் கவுண்டராவது நின்றிருக்காது. ஒரு வயர்! அதற்கு 185,000. அதற்குள் "டீமிங் சொப்ட்வெயார் 25,000" வேறு. டீமிங் என்றால் சேர்வரின் இரண்டு வயரையும் ஒன்றுபோல் பாவிக்க வைக்கிறது. விண்டோஸ் சேர்வர் 2012இல் இருந்து அது உள்ளேயே சும்மா வருது, என்னுடையது 2019.

நிறைய எழுத நினைத்தேன், நேரமில்லை. வயரை இழுத்துக் காட்டினால் நம்பாதீர்கள், ஸ்விட்சின் கரண்டையே பிடுங்கச் சொல்லுங்கள், முதலில் ஒன்று, பிறகு மற்றது. இரண்டு ஸ்விட்சும் ஒரே பிளக்கில் வேண்டாம். கவுண்டர்களையும் பாதி பாதியாகப் பிரியுங்கள். இதெல்லாம் பார்க்காமல் மிச்சக் காசு கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேணும், தொலைபேசி 1977. எனக்கு இன்னும் நாள் இருக்கு. பில்லும், இரண்டு நீல வயரும் ஒரே பெட்டியில் நிற்கிற படமும் நாளைக்கே போகுது.