எச்சரிக்கைக் கடிதமா, நேர்ப்பேச்சா: ஒரு டர்பன் மேற்பார்வையாளரின் அலசல்

தமக்குக் கீழே வேலை செய்பவர் தவறு செய்துவிட்டால், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மேற்பார்வையாளராக இருக்கும் எவரும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து விசாரணைக்கு அழைக்கலாம், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பேசலாம். முதலாவதுதான் சட்டம், இரண்டாவது வெறும் இரக்கம் என்று நம்மவர் பலரும் நினைக்கிறார்கள். அது சரியன்று. சிறு தவறுகளை முறைசாரா அறிவுரையால் திருத்துவதே மிகுந்த பலன் தரும் என்று, 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டத்தோடு இணைக்கப்பட்ட பணிநீக்க நெறிமுறையே கூறியது.

கடிதத்தின் பலம் அதிலுள்ள தேதியும் கையொப்பமும். பணிநீக்கம் செய்யப்பட்டவர் 30 நாளுக்குள் சி.சி.எம்.ஏ. எனப்படும் சமரச, நடுவர் ஆணையத்தில் முறையிடலாம். நீக்கம் நியாயமற்றது என்று அங்கே முடிவானால், மீண்டும் வேலையோ பெரும்பாலும் 12 மாதச் சம்பளம் வரையிலான இழப்பீடோ கிடைக்கக்கூடும். அந்த மேசையில் மேலாளரின் நல்லெண்ணம் எடுபடாது. ஆனால் குற்றச்சாட்டு எழுத்தில் வந்த கணமே தொழிலாளி தம்மைக் காத்துக்கொள்ளவே பேசுவார் என்பதால், என்ன நடந்தது என்பது நிரூபணமானாலும் ஏன் நடந்தது என்பது வெளிவராமலே போகிறது.

துறைமுகத்துக்கு அருகே நான் வேலை பார்த்த ஒரு கிடங்கில், சரக்கு இரண்டு முறை தவறான லாரியில் ஏறிவிட்டது. கோபத்தோடு கடிதத்தைத் தட்டச்சு செய்து முடித்த நேரத்தில் மின்வெட்டு வந்து அச்சுப்பொறி நின்றது; என் நிதானம் என்று பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. மறுநாள் காலை, இந்திய வம்சாவளியினர் மிகுந்த சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வரும், என்னைவிடப் பத்து வயது மூத்த அந்த ஊழியரிடம் தேநீரை நீட்டி, “அண்ணே, நடந்ததைச் சொல்லுங்க” என்றேன். சரக்கேற்றும் வாசல்களின் எண்களை மாற்றி எழுதியிருந்தார்கள், நான் கொடுத்த பட்டியலிலோ பழைய எண்களே இருந்தன. இரண்டாம் முறை அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய வாரம் நான் ஒருவரை எல்லோர் முன்னிலையிலும் திட்டியதைப் பார்த்ததால் கேட்கத் தயங்கிவிட்டார்.

இதனால் நேர்ப்பேச்சு எங்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். திருட்டு, அடிதடி, பாலியல் தொல்லை ஆகியவற்றுக்கு முறையான விசாரணையே வழி. பாதிக்கப்பட்டவரைச் ‘சமாதானம்’ என்ற பெயரில் எதிரே உட்கார வைப்பது இன்னொரு கொடுமை. அதைவிட நுட்பமான ஆபத்து பாரபட்சம். தமிழருக்குத் தேநீரும் ஜூலு இனத்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்குக் கடிதமும் என்று ஆகிவிட்டால், என் மென்மையே அநீதியாகிவிடும். ஆணையமும் ஒரே தவறுக்கு ஒரே அளவுகோல் இருந்ததா என்றுதான் பார்க்கும். அதனால் முதல் சிறு தவறென்றால் யாராக இருந்தாலும் பேச்சு, அதே தவறு திரும்பினால் கடிதம் என்று வைத்துக்கொண்டேன். எந்தக் கடிதமும் ஓர் இரவு மேசை இழுப்பறையில் கிடந்த பிறகே கைக்குப் போகும்.

பேச்சுக்கும் ஒரு தாள் தேவை, குற்றப்பத்திரிகையாக அன்று, ஒப்புக்கொண்டதன் குறிப்பாக. அன்று அந்த அண்ணன், வாசல் எண்ணைச் சரிபார்த்த பிறகே சரக்கை ஏற்றுவேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு, என் வரிக்காகக் காத்திருந்தார்.