பிபிசி மைக்ரோவுக்கு வீட்டிலேயே செய்த எச்டிஎம்ஐ அடாப்டர்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பள்ளி மாணவர்களுக்குக் கணினி அறிமுகம் தருவதற்காக மத்திய அரசு 1984-இல் தொடங்கிய 'க்ளாஸ்' திட்டத்தின் வழியாக இந்தியப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்த பிரிட்டன் கணினி, பிபிசி மைக்ரோ. அவற்றுள் ஒன்று, டெல்டாப் பகுதிப் பள்ளி ஒன்று பழைய சாமான்களைக் கழித்துக்கட்டியபோது கும்பகோணத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தது. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 செயலி, 32 கிலோபைட் நினைவகம் கொண்ட மாடல் பி அது. அரசு வழங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சியின் ஆன்டெனா துளையில் இணைத்து அதை நெடுநாள் பயன்படுத்தினேன். வரிக்கு 40 எழுத்து என்றால் படிக்கலாம். 80 எழுத்து என்றால் எட்டுக்கும் பூஜ்யத்துக்கும் வேறுபாடு தெரியாது. பிறகு அந்தத் தொலைக்காட்சியும் அணைந்துபோனது. திறந்து பார்த்த மெக்கானிக், "இதுக்கு இனிமே ஸ்பேரே வராது சார், பேசாம ஒரு எல்இடி வாங்கிடுங்க" என்றார்.

எல்இடி வாங்கினால் மட்டும் தீராத சிக்கல் இது. பிபிசி மைக்ரோ ஒரு நொடிக்கு 15,625 கிடைவரிகளை அனுப்புகிறது. விஜிஏ (கணினித் திரைகளின் அனலாக் இணைப்பு) உள்ளீடு கொண்ட திரைகளோ பொதுவாக 31,500 அளவிலிருந்துதான் ஏற்கத் தொடங்குகின்றன. ஆயத்தமாகக் கிடைக்கும் மாற்றிப் பலகைகள் சில உள்ளன. ஆனால் அவை 0.7 வோல்ட் வரை படிப்படியாக ஏறி இறங்கும் அனலாக் சமிக்ஞையை எதிர்பார்ப்பவை. பிபிசி மைக்ரோவின் ஆர்ஜிபி துளையில் வருவது அனலாக் அல்ல. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று கம்பிகளும் உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலைகளில் இருக்கும். ஆகவே மொத்தம் எட்டு நிறங்கள். இப்படித் தெளிவாக வரும் சமிக்ஞையை மின்தடைகளால் தணித்து, அனலாக்காகக் கருதி மீண்டும் அளந்து, கலங்கிய படமாகத் திரையில் போடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. சரியான கணத்தில் பார்த்து, உண்டா இல்லையா என்று குறித்துக்கொண்டாலே போதும்.

அதைத்தான் ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ என்ற திறந்த மூல வடிவமைப்பு செய்கிறது. ராஸ்ப்பெர்ரி பை ஜீரோ என்ற கையடக்கக் கணினிப் பலகை ஒன்று, அதற்கும் பிபிசி மைக்ரோவுக்கும் நடுவே எக்ஸ்சி 9572 எக்ஸ்எல் என்ற சிபிஎல்டி (நிரல்படுத்தக்கூடிய தர்க்கச் சுற்று) சிப் ஒன்று, இவ்வளவே அதன் உடல். பை ஜீரோவின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. பிபிசி தருவதோ 5 வோல்ட் தர்க்க நிலை. அந்த சிப் 3.3 வோல்ட்டில் இயங்கினாலும் அதன் உள்ளீடுகள் 5 வோல்ட்டைத் தாங்கும் என்பதால் நடுவில் அது இன்றியமையாதது. ஆர்ஜிபி துளைக்குப் பொருந்தும் ஆறு கால் டின் (DIN) வகை வட்டப் பிளக் இங்கே கிடைக்கவில்லை. இசைக்கருவிக் கடைகளில் இருப்பது ஐந்து கால் வகை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்து, பொதுவான துளைப்பலகையில் பற்றவைத்தேன்.

பை ஜீரோவில் உள்ள ஆர்ம் செயலியின் முன்னோடியை வடிவமைத்தவர்கள் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும். பிபிசி மைக்ரோவை உருவாக்கியதிலும் முதன்மைப் பங்கு இவ்விருவருடையதே. 1985 ஏப்ரலில் முதல் ஆர்ம் சிப் உயிர்பெற்றபோது அது ஒரு பிபிசி மைக்ரோவுடன்தான் இணைக்கப்பட்டிருந்தது. தான் பிறக்கத் துணைநின்ற கணினிக்கு அதே வம்சத்துச் செயலி இன்று கண்ணாக இருப்பது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி.

படத்தின் தரம் முழுவதும் மாதிரியெடுக்கும் கணத்தை, அதாவது சமிக்ஞையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் கணத்தைப் பொறுத்தது. இந்தக் கணினியின் திரை முறைகளுள் ஒன்றான மோட் 0-இல் வரிக்கு 640 புள்ளிகள் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் வருகின்றன. டெலிடெக்ஸ்ட் (தொலைக்காட்சி வழி எழுத்துச் செய்தி) எழுத்துகளைக் கொண்ட மோட் 7-இல் வேகம் 12 மெகாஹெர்ட்ஸ். 96 மெகாஹெர்ட்ஸில் மாதிரியெடுத்தால் முன்னதில் ஒரு புள்ளிக்கு ஆறு வாய்ப்புகள், பின்னதில் எட்டு. அவற்றுள் புள்ளியின் நடுவே விழும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விளிம்பில் விழுந்தால் எழுத்தின் ஓரத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் மின்னிக்கொண்டே இருக்கும். அடாப்டரில் உள்ள பொத்தானை அழுத்தினால் அளவுத்திருத்தம் தானாக நடந்துவிடும். மோட் 0 உடனே பொருந்தியது. மோட் 7 அப்படியல்ல. அதற்குரிய கடிகாரத் துடிப்பை இந்தக் கணினி சுற்றுவழியில் உருவாக்குவதால் புள்ளிகள் சம அகலத்தில் வருவதில்லை. சிப்புகள் சூடேறும்போது விளிம்புகள் இன்னும் கொஞ்சம் நகர்கின்றன. எனவே கணினியை அரை மணி நேரம் ஓடவிட்டு, நன்றாகச் சூடேறிய பின் திருத்தம் செய்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். சித்திரை வெயிலில் ஒருமுறை, மார்கழிக் குளிரில் ஒருமுறை சரிபார்த்தால் ஆண்டு முழுவதும் படம் அசைவதில்லை.

இன்னொரு நுட்பம் பலரும் கவனிக்காதது. இன்டர்லேஸை (ஒற்றை, இரட்டை வரிகளை மாறி மாறிக் காட்டும் முறையை) அணைத்துவிட்டால் ஒரு சட்டத்துக்கு, அதாவது திரையில் வரும் ஒரு படத்துக்கு, 312 வரிகள். அப்போது நொடிக்கு 50.08 சட்டங்கள் வருகின்றன. திரை சரியாக 50-இல் ஓடினால் ஏறத்தாழ 12 நொடிக்கு ஒரு சட்டம் மிகுந்துபோய், நகரும் உருவத்தின் குறுக்கே ஒரு வெட்டுக்கோடு மெல்ல ஊர்ந்து செல்லும். மென்பொருளில் உள்ள ஜென்லாக் வசதி, பை ஜீரோவின் கடிகாரத்தையே நுணுக்கமாக மாற்றி இதைத் தீர்த்துவிடுகிறது. அதை இயக்கிய பிறகு விளையாட்டுகளில் உருவங்கள் வழுக்கிச் செல்வதைப் பார்த்தால், பழைய குழாய்த் திரையில்கூட இத்தனை ஒழுங்கு இருந்ததா என்று தோன்றும்.

திரையைத் தேர்ந்தெடுப்பதில் நான் உறுதியாகச் சொல்வது ஒன்று: அகலத் திரை வேண்டாம். மூடப்பட்ட பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து வந்த 17 அங்குலச் சதுர எல்சிடி இதற்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்துகிறது. அதன் அளவு 1280-க்கு 1024. மோட் 0-இன் 640-க்கு 256 என்பதை அகலத்தில் இரண்டு மடங்கும் உயரத்தில் நான்கு மடங்கும் பெருக்கினால் சரியாக அதே எண் வரும். மோட் 7-இன் 480-க்கு 500 என்பதும் இருமடங்காகி உள்ளே அடங்குகிறது. எந்தப் புள்ளியும் பாதியாக உடைவதில்லை. ஆனால் இத்தகைய எல்சிடிகளில் பல 50 ஹெர்ட்ஸை ஏற்பதில்லை. குறைந்தபட்சம் 56 என்று கையேட்டில் போட்டிருக்கும். எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிளைப் பொருத்த, டிஜிட்டல் படத்தை ஏற்கும் டிவிஐ துளையும் இருக்க வேண்டும். வாங்கும் முன் இவ்விரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

மின்னணுவியல் பக்கத்தில் இத்தனை காலத்தில் எதுவும் பழுதாகவில்லை. சோதனை முழுவதும் இந்த ஊர்க் காற்றிடமிருந்துதான் வந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே வியர்க்கும் வீடு இது. டின் பிளக்கின் கால்கள் மங்கி, பச்சை நிறம் மட்டும் வந்து வந்து போகும். அப்போது வெள்ளை எழுத்துகள் ஊதா கலந்த சிவப்பாகத் தெரியும். மொபைல் சர்வீஸ் கடையில் கிடைக்கும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தால் துடைத்தால் சரியாகிவிடுகிறது. அடாப்டருக்குள் செருகு வயர்களையே தவிர்த்து, எல்லாவற்றையும் பற்றவைத்துவிடுவது நல்லது. நாகை, வேதாரண்யம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் பலகையின் மேல் பாதுகாப்புப் பூச்சும் பூசுவதே சரி.

மின்சாரத்தைப் பொறுத்தவரை இந்த வடிவமைப்பு டெல்டாவுக்கு மிகவும் ஏற்றது. பை ஜீரோவில் லினக்ஸ் போன்ற இயங்குதளம் எதுவும் ஓடாததால் சில நொடிகளிலேயே படம் வந்துவிடுகிறது. முறையாக நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. குறுவை நடவின்போது பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கினால் விளக்கு மங்குவதும், சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரம் போவதும் இங்கே வழக்கம். அப்படி இருந்தும் மெமரி கார்டு ஒருமுறைகூடக் கெட்டதில்லை. ஆர்ஜிபி துளையிலேயே 5 வோல்ட் தரும் கால் ஒன்று உள்ளது. அதிலிருந்தே அடாப்டருக்கு மின்சாரம் எடுப்பதால் இரண்டும் சேர்ந்தே எழுகின்றன, சேர்ந்தே அணைகின்றன. எச்டிஎம்ஐ வழியே ஒலி வராது. கணினியின் உள்ளிருக்கும் ஸ்பீக்கரே எனக்குப் போதும்.

பற்றவைத்துப் பழக்கமில்லாதவர்கள் இதை முதல் வேலையாக எடுக்க வேண்டாம். ஒரு கம்பி மாறினால் மாற்றுப் பாகம் கிடைக்காத பழைய கணினிக்கே கேடு வரும். பழக்கமுள்ளவர்கள் தயங்க வேண்டியதில்லை; பிபிசி மைக்ரோவின் பலகையில் ஒரு கீறல்கூடப் போடாமல், வெளித் துளையிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த சிபிஎல்டி சிப்பின் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டதால் இனிக் கிடைப்பதெல்லாம் பழைய இருப்புதான். செய்யும் எண்ணம் இருப்பவர்கள் மற்ற பாகங்களைப் பிறகு தேடிக்கொள்ளலாம், சிப்பை மட்டும் முதலில் இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.